படகோடு ஆட்களும் நகர வேண்டும்

செட்டிபாளையத்தில் வாவியை ஒட்டினாற்போல் இருக்கும் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள் வதனி. முப்பத்தெட்டு வயது. கல்யாணம் கட்டவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கல்ல" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் பக்கத்துத் தெருக்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். மீதிப்பேர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைகள். அங்கே முன்பள்ளி கிடையாது. காலையில் தாய்மாரோடு படகில் வருவார்கள். மத்தியானம் வதனியே அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், அக்கரையில் ஒவ்வொருவராகத் தாய்மார் கையில் கொடுத்துவிட்டு, அதே படகில் திரும்புவாள்.

படகு அழகரத்தினத்துடையது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். பின்னால் சின்ன இயந்திரம் பூட்டிய அகலமான படகு அது. குறுக்கே பலகைகள் போட்டிருக்கும். சைக்கிளும் ஏறும், உரமூட்டையும் ஏறும்.

போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய்வந்த சனம் பைகளோடு துறையில் நின்றது. பிள்ளைகளை ஏற்றியதுமே படகு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வரப்போகுது, எல்லாரையும் ஏத்து என்று கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அழகரத்தினம் முதலில் மறித்தார். ஒருவர் காலை எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். அழகரத்தினம் கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்பினார்.

பாதி வாவியில் மழை சரிவாக அடித்தது. ஒரு பக்கத்தில் இருந்தவர்கள் நனையாமல் இருக்க மற்றப் பக்கத்துக்கு எழும்பி வந்தார்கள். ஒரு பொலித்தீன் விரிப்பை எல்லோருமாகத் தலைக்கு மேலே பிடித்தார்கள். படகு சரிந்தது. விளிம்பால் தண்ணீர் உள்ளே வர, அந்தப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சறுக்கி வாவிக்குள் விழுந்தார்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சளவு தண்ணீர். பயந்தார்கள், பைகளைத் தொலைத்தார்கள், ஆனால் நின்றுகொண்டார்கள். பிள்ளைகளில் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தபடி படகுக்குள்ளேயே இருந்தார்கள். மஞ்சள் ரிபன் கட்டிய யதுர்ஷிகா என்ற நாலு வயதுப் பிள்ளையை மட்டும் காணவில்லை.

வதனியும் தண்ணீருக்குள்தான் நின்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கலங்கல். அழகரத்தினம் இயந்திரத்தை விட்டுவிட்டுக் குதித்தார். காலாலும் கையாலும் தடவிக்கொண்டே போனவர், ஒரு தரம் முழுகி, பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை இருமியது. பிறகு அழுதது. வதனி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

யதுர்ஷிகா ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் படகைக் கண்டாலே தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். அவளுக்கு முன்பள்ளி அத்தோடு நின்றது. மற்றத் தாய்மாரும் சில கிழமைகள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள்.

பிரதேச சபையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் வந்தன. பெரியவர்களுக்கும் இருந்தது, சிறுவர்களுக்கும் இருந்தது. படகின் முன்பக்கத்தில் ஒரு சாக்குக்குள் அவை அப்படியே கிடந்தன. வேர்க்குது என்றார்கள். சாறி கசங்குது என்றார்கள். இந்தத் துண்டுத் தண்ணிக்கு என்னத்துக்கு என்றார் ஒருவர், அதே தண்ணீருக்குள் பையைத் தொலைத்தவர்.

வதனி தாய்மாரைக் கூட்டி வைத்துச் சொன்னாள். தலையை ஆட்டினார்கள். பெரிய கடதாசி மட்டையில் படம் கீறித் துறையில் கட்டினாள். இரண்டு மழைக்கு அது ஊறி விழுந்தது. விழுவதற்கு முன்பும் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

ஒருநாள் யதுர்ஷிகாவைப் பார்க்க அக்கரைக்குப் போனாள். பிள்ளை பாயில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றது. போனில் ஒரு காட்டூன் யானை பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எழும்பிப் போய், தன் பிரஷ்ஷை எடுத்து, வாயில் சோற்றோடு பல்லைத் தீட்டத் தொடங்கியது.

"ஒவ்வொரு நாளும் இதுதான் டீச்சர்," என்றாள் தாய். "நான் சொன்னாக் கேளாள். ஆனை சொன்னாக் கேப்பாள்."

திரும்பி வரும்போது படகில் வதனி அந்த யானையையே நினைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு கணினி நிலையத்தில் சனிக்கிழமைகளில் அனிமேஷன் வகுப்பு நடந்தது. படிப்பித்தவள் நிஸ்றா. காத்தான்குடியிலிருந்து வரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை, பேச்சில் வேகம் கூடியவள். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஓ.எல்., ஏ.எல். பரீட்சை முடித்த இளசுகள். கல்யாண அழைப்பிதழை ஆடவைக்க வேண்டும், யூடியூப் சேனலுக்குப் பெயர் சுழல வேண்டும் என்று வந்தவர்கள். வதனி கதவருகில் இருந்த கதிரையில் இருந்தாள்.

"நீங்க என்ன செய்யப் போறீங்க அக்கா?" என்று நிஸ்றா கேட்டாள்.

"ஒரு படகு."

"படகு மட்டுமா?"

"படகும், ஆக்களும், தண்ணியும். படகு சரியணும். ஆக்கள் விழணும்."

"அது முதல் மாசத்துப் பாடம் இல்ல. பரவால்ல, கீறிக்கொண்டு வாங்க," என்றாள் நிஸ்றா.

வதனிக்குக் கடதாசியில் கீற வரும். முன்பள்ளிச் சுவர் முழுக்க அவள் கீறிய மீனும் கொக்கும்தான். படகை ஒரு தாளில், ஆட்களை வேறு வேறு தாளில், தண்ணீரை ஒரு நீளத் தாளில் கீறி நிறம் தீட்டினாள். போனில் படமெடுத்துக் கொம்பியூட்டரில் ஏற்றி, ஓரங்களை வெட்டினாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு லேயர் என்று நிஸ்றா சொல்லிக் கொடுத்தாள்.

"பொலித்தீன் தாள்ல கீறி ஒண்டுக்கு மேல ஒண்டு வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. இந்தப் பட்டியல்ல மேல இரிக்கிறது முன்னுக்குத் தெரியும். கீழ இரிக்கிறது பின்னுக்குப் போயிரும்."

வதனி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். படகைத் தொடக்கத்தில் இடப்பக்கம், முடிவில் வலப்பக்கம் என்று குறித்துவிட்டு, ஓடவிடும் பொத்தானை அமத்தினாள். படகு போனது. ஆட்கள் போகவில்லை. தாயும் பிள்ளையும் இயந்திரக்காரரும் வெறும் தண்ணீருக்கு மேலே வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வதனிக்கும் சிரிப்பு வந்தது.

"படகையும் ஆக்களையும் சேத்துப் பிடிங்க. ஷிஃப்ட்ட அமத்திக்கொண்டு ஒவ்வொண்டா தொடுங்க. இப்ப குரூப் பண்ணுங்க. இனி அது ஒரு சாமான் மாதிரித்தான். எங்க இழுத்தாலும் எல்லாம் வரும்," என்றாள் நிஸ்றா.

அடுத்த தரம் படகோடு ஆட்களும் போனார்கள். அவசரத்தில் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவிட்டதால் வாவியும் கூடவே போனது. வெறும் வெள்ளைத் திரை மிஞ்சியது. குரூப்பைக் கலைத்து, தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மறுபடி சேர்த்தாள். படகு இப்போது தண்ணீருக்கு மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நின்றது. அதன் அடிப்பாகம் நனைவதாகவே தெரியவில்லை. அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தவள், மறு சனிக்கிழமை வாவியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு தண்ணீர் படகுக்குப் பின்னால், இன்னொரு தண்ணீர் படகுக்கு முன்னால். படகு உள்ளே இறங்கியது.

"இத நான் சொல்லித் தரல்லயே," என்றாள் நிஸ்றா.

"பொழுதெல்லாம் அதுக்குள்ளதானே போய் வாறன்," என்றாள் வதனி.

ஜாக்கெட் இன்னும் கரைச்சல் கொடுத்தது. சட்டைக்கு மேலே வைத்தால் கை மறைந்தது. கீழே வைத்தால் ஜாக்கெட்டே மறைந்தது. கையை உடம்பிலிருந்து வெட்டித் தனி லேயராக்கி, உடம்பு, அதன்மேல் ஜாக்கெட், அதன்மேல் கை என்று அடுக்கி, மூன்றையும் ஒரு குரூப்பாகக் கட்டி, அந்தக் குரூப்பைப் படகின் குரூப்புக்குள் வைத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் இதே வேலை. சில சனிக்கிழமைகளில் ஒரு ஆளைத்தான் முடிக்க முடிந்தது. மற்றவர்கள் கல்யாண அழைப்பிதழை முடித்துவிட்டுப் போனார்கள். வதனி கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியாகப் பிள்ளை விழும் காட்சி. மஞ்சள் ரிபன் கட்டிய பிள்ளை விழவேண்டுமென்றால், அதைப் படகின் குரூப்பிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் படகு எவ்வளவு சரிந்தாலும் பிள்ளை பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வதனி கையை மவுஸில் வைத்தபடி இருந்தாள். அன்றைக்கு அவள் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த கிழமை வந்து, கதிரையில் இருந்த கையோடு அதைச் செய்து முடித்தாள்.

படம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஓடும். வெள்ளிக்கிழமை முன்பள்ளியில் புரஜெக்டர் வைத்துக் காட்டினாள். ஜாக்கெட் போட்டவர்கள் மிதந்தார்கள், போடாத பிள்ளை தண்ணீருக்குள் போனது. தாய்மார் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். திரும்பப் போடுங்க டீச்சர் என்று கேட்டார்கள். படகு சரிகிற இடம் வந்தபோதெல்லாம் சிரித்தார்கள். வதனி அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. தாய்மார் தங்கள் போனிலும் படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் படகு நடு வாவிக்கு வந்தபோது, ஒரு பிள்ளை எழும்பி, "சரியுது, சரியுது," என்று கத்தியது. உடனே எல்லாப் பிள்ளைகளும் எழும்பி ஒரு பக்கத்துக்கு ஓடின. படகு ஆடியது. விளிம்பு தண்ணீரைத் தொட்டு மீண்டது. அழகரத்தினம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இருங்க எல்லாரும்," என்று போட்ட சத்தத்தில் பிள்ளைகள் விறைத்துப்போய்ப் பலகைகளில் இருந்தன. வதனி இரண்டு பிள்ளைகளைச் சட்டையில் பிடித்திருந்தாள். ஒருவரும் விழவில்லை.

பிள்ளைகளை அக்கரையில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது படகில் அவர்கள் இருவரும்தான்.

"டீச்சர், ஒரு கதை," என்றார் அழகரத்தினம்.

"சொல்லுங்க அண்ண."

"படத்த நானும் பாத்தன். ஒரு புள்ளட தாய் போன்ல காட்டினா. அதுல நான் முதுகக் காட்டிக்கொண்டு இரிக்கன். புள்ள விழுறத்தப் பாக்காத மாதிரி."

வதனி தலை குனிந்தாள். "எனக்கு உங்கட முகம் கீற வரல்ல அண்ண. அதான் முதுகக் கீறினன். வேற ஒண்டும் இல்ல."

"அது உங்களுக்குத் தெரியும். பாக்கிற ஆக்களுக்குத் தெரியுமா? இப்ப துறையில ஒருத்தன் கேக்கிறான், என்ன அழகரத்தினம், புள்ள விழக்குள்ள எங்க பாத்த எண்டு."

அவர் இயந்திரத்தை மெதுவாக்கினார்.

"நான் ஏத்தினது பிழதான். இல்லெண்டு சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். ஆனா ஏத்து ஏத்து எண்டு கரையில நிண்ட ஆக்கள் எங்க? அவங்கள் ஒருத்தரையும் காணல்ல உங்கட படத்துல. படகு அந்தரத்துல இருந்தா வந்திச்சு? துறையிலிருந்துதானே வந்திச்சு."

கரை வந்து கயிறு கட்டியபிறகு வதனி சொன்னாள்: "அந்தப் படத்த ஒருத்தரும் இனிப் பாக்கக்கூடாது. அழிக்கச் சொல்லப்போறன். வேற ஒண்டு செய்யிறன்."

"இவ்வளவு நாள் பாடுபட்டுச் செஞ்சதே?"

"ஓம். திரும்பச் செய்வன்."

அன்று பின்னேரமே ஒவ்வொரு தாய்க்கும் போன் எடுத்து, படத்தை அழிக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நல்லாத்தானே இருந்தது என்று ஒருத்தி இழுத்தாள். "புள்ளைகள் விழுறதத்தான் பழகினதுகள்," என்றாள் வதனி.

சனிக்கிழமை போனபோது அவளுடைய வகுப்பு முடிந்து புதிய பிள்ளைகள் வந்திருந்தார்கள். கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. வதனி கதவருகில் நின்று நிஸ்றாவிடம் விசயத்தைச் சொன்னாள்.

"புதிசாவே செய்யலாமே அக்கா. பழசக் கலைச்சு அடுக்கிறது தலையிடி."

"படகு இரிக்கு, தண்ணி இரிக்கு, ஆக்கள் இரிக்காங்க. நிக்கிற இடம்தான் பிழை. இடத்த மாத்தினாச் சரி."

நிஸ்றா யோசித்தாள். "வகுப்பு நேரத்துல இடம் தரேலா. நான் மத்தியானம் லுஹர் தொழப்போற நேரம் என்ட மெஷின் சும்மாதான் இரிக்கும். புள்ளைகளும் சாப்பிடப் போயிருவாங்க. அந்த நேரத்துக்கு வாறீங்களா?"

"வாறன்," என்றாள் வதனி.

முதலில் செய்த வேலை, எல்லாக் குரூப்பையும் கலைத்தது. படகு வெறுமையானது. ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். புதிதாக ஒரு துறை கீறி, அதைப் பின்னால் வைத்தாள். பிள்ளை தண்ணீருக்குள் போகிற காட்சியை மறைத்து வைக்கலாம் என்று நிஸ்றா காட்டினாள். பட்டியலில் இருக்கும் கண் அடையாளத்தைத் தொட்டால் லேயர் தெரியாமல் போய்விடும். வதனி மறைக்கவில்லை. அழித்தாள்.

பிறகு அழகரத்தினத்தின் முகம். துறையில் வைத்து அவரைப் போனில் படமெடுக்கப் போனாள். அவர் வீட்டுக்குப் போய், சவரம் செய்து, தோய்த்த சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சிரிக்கவா?"

"வேணாம் அண்ண. ஏறப்போற ஆளப் பாருங்க. கையக் காட்டி மறிங்க."

திரையில் அந்தக் கையைச் சரிவர உயர்த்துவதற்குள் வதனிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கை சுழலும் நடுப்புள்ளியைத் தோளில் வைக்கத் தெரியாமல் முழங்கையில் வைத்துவிட்டாள். கை உடம்பை விட்டுக் கழன்று காற்றாடிபோலச் சுற்றியது. தொழுதுவிட்டு வந்த நிஸ்றா அதைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புள்ளியைத் தோளுக்கு நகர்த்தியதும் கை ஒழுங்காக உயர்ந்து நின்றது. முன்பு எல்லோருக்கும் பின்னால் இருந்த அழகரத்தினத்தின் லேயரைப் பட்டியலின் மேலே இழுத்து, எல்லோருக்கும் முன்னால் வைத்தாள்.

புதிய படத்தில் படகு துறையிலேயே நிற்கிறது. சாக்கு திறக்கிறது. ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொரு உடம்பிலும் ஏறுகின்றன. மஞ்சள் ரிபன் பிள்ளை தானே கிளிப்பைப் பூட்டுகிறது. எல்லோரும் பலகைகளில் இருக்கிறார்கள். கரையில் ஒரு கூட்டம் கையை ஆட்டுகிறது. ஒருவர் பையோடு காலை எடுத்து வைக்கிறார். அழகரத்தினத்தின் கை உயர்கிறது. கால் பின்வாங்குகிறது. அதற்குப் பிறகுதான் எல்லோரையும் ஒரே குரூப்பாகக் கட்டினாள் வதனி. படகு புறப்படுகிறது. மழை பெய்கிறது. ஒருவரும் எழும்பவில்லை. அக்கரை வருகிறது. அவ்வளவுதான்.

"ஒண்டும் நடக்கல்லயே," என்றான் புதிய வகுப்பில் ஒருவன், திரையை எட்டிப் பார்த்துவிட்டு.

"நடக்கக்கூடாதெண்டுதான் செய்யிறன்," என்றாள் வதனி.

இந்த முறை முதலில் அழகரத்தினத்துக்குத்தான் காட்டினாள். இரண்டு தரம் பார்த்தார். கரையில் நிற்கும் கூட்டத்தைக் காட்டி, "இந்தா நிக்காங்க," என்றார்.

முன்பள்ளியில் காட்டிய அன்று தாய்மார் யாரும் அழவில்லை. ஓரிருவர் பாதியில் எழும்பிப் போனார்கள். ஆனால் பிள்ளைகள் விளையாடப் போனபோது கதிரைகளை வரிசையாக வைத்தார்கள். புத்தகப் பைகளை ஜாக்கெட்போல முன்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு அவற்றில் இருந்தார்கள். ஒரு பிள்ளை முன்னால் நின்று கையை உயர்த்தி மற்றப் பிள்ளைகளை மறித்தது. யார் அழகரத்தினமாக நிற்பது என்று சண்டையும் வந்தது. வதனி ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கிழமையே பிள்ளைகள் துறையில் நின்று சாக்கைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டாமல் ஏறமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பிள்ளை போட்டதும் தாய் போடவேண்டி வந்தது. தாய்மார் போட்டதும் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருநாள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவசரமாக வந்த ஒருவர், நிறைந்த படகில் காலை வைத்தார். அழகரத்தினம் கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கையை உயர்த்தினார்கள். அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிரித்தபடி கரைக்கு இறங்கினார். அடுத்த படகில் வந்தார்.

யதுர்ஷிகாவின் தாய் போனில் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளை மஞ்சள் ரிபனைத் தொட்டு, "இது நானா?" என்று கேட்டிருக்கிறது. பிறகு பல நாள் சோற்றுக்கு அதுதான் படம். சித்திரை விடுமுறை முடிந்து முன்பள்ளி தொடங்கிய காலையில், பிள்ளையைக் கூட்டிவர வதனியே படகில் போய் அக்கரைத் துறையில் இறங்கியபோது, யதுர்ஷிகா வயல்வரம்பால் வந்துகொண்டிருந்தாள். முந்தின நாளே படகுச் சாக்கிலிருந்து ஜாக்கெட்டை வாங்கி வரச் சொல்லித் தாயிடம் அழுது, வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். படகில் வதனியின் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாதி வாவி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஒரு கண்ணைத் திறந்து, இயந்திரத்தடியில் இருந்த அழகரத்தினத்தைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சிறுவர் ஜாக்கெட்டுகள் போதாது. சிலவற்றின் கிளிப் உடைந்துவிட்டது. வதனி பிரதேச சபைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவளைக் கண்டதும் அங்கிருப்பவர்கள் கதிரையைக் காட்டிவிட்டு, "அடுத்த கூட்டத்துல பேசுவம் டீச்சர்," என்கிறார்கள். அவளும் அடுத்த கூட்டத்துக்குப் போகிறாள்.

வாவியின் தெற்கே இன்னொரு துறையிலிருந்து படத்தைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஓடுவது இந்தப் படகு இல்லை. மோட்டார் சைக்கிளும் டிரக்டரும் ஏறும், பாதை என்று சொல்கிற தட்டையான மிதவை. படத்தை அப்படியே கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது தங்கள் துறையாகத் தெரியாது என்று வதனி நினைத்தாள். போன ஞாயிறு பஸ்ஸில் போய், அந்தப் பாதையை நாலு பக்கமும் நின்று படமெடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது அதன் கம்பிகளைக் கீறிக்கொண்டிருக்கிறாள்.